குப்பி விளக்கும் கோர்னெல் கொப்பியும்

செமஸ்டர் தொடங்கிற கிழமையில் கம்பஸ் மாணவர்களின் போனுக்கு ஒரே மாதிரியான வீடியோக்கள் வரத் தொடங்கும். 25 நிமிடம் படி, 5 நிமிடம் ஓய்வெடு. கொப்பிப் பக்கத்தை மூன்றாகப் பிரி. வேலைகளை நாலு பெட்டிக்குள் போடு. இந்த முறைகள் எங்கேயிருந்து வந்தன, யாருக்காக உருவாகின எண்டு மட்டும் ஒருத்தரும் சொல்லமாட்டினம். ஏதோ இயற்கை விதி மாதிரித்தான் சொல்லிக்கொண்டு போவினம். ஆனால் ஒவ்வொன்றுக்கும் ஒரு ஊர் இருக்கு, ஒரு காலம் இருக்கு, அந்தக் காலத்துத் தட்டுப்பாடு ஒன்றும் இருக்கு.

25 நிமிடக் கணக்கின் கதை சின்னது. 1980களின் பிற்பகுதியில் இத்தாலியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற பல்கலைக்கழக மாணவருக்குப் படிப்பில் மனம் நிற்கவில்லை. குசினியில் பாவிக்கிற, தக்காளி வடிவ மணிக்கூடு ஒன்றை முறுக்கி வைத்துவிட்டு, அது அடிக்கும்வரை எழும்புவதில்லை எண்டு தனக்குத்தானே பந்தயம் கட்டினார். தக்காளிக்கு இத்தாலியில் பொமோடோரோ. பெயர் அப்படித்தான் வந்தது. ஸ்மார்ட்போன் இல்லாத காலத்திலேயே ஒரு மாணவருக்குக் கவனம் சிதறியிருக்கிறது என்பது எங்களுக்குக் கொஞ்சம் ஆறுதல்.

நாலு பெட்டி முறைக்கு ஐசனோவரின் பெயரை வைத்திருக்கிறார்கள். அவர் 1954 இல் பேசிய ஒரு பேச்சில் அவசரமானதையும் முக்கியமானதையும் வேறுபிரித்தது உண்மை. ஆனால் அதை ஒரு முன்னாள் கல்லூரித் தலைவர் சொன்னதாகத்தான் அங்கே சொல்கிறார். அதை நாலு கட்டமாக்கிப் பரப்பியது 1989 இல் வந்த ஸ்டீபன் கோவியின் புத்தகம். கல்லூரிக்காரர் ஒருவரின் சொல் ஜனாதிபதி வழியாக மனேஜர்களிடம் போய், இப்ப திரும்பவும் மாணவரிடம் வந்திருக்கிறது.

எங்களுக்குக் கூடப் பிடித்தது மூன்றாகப் பிரித்த பக்கத்தின் கதை.

1944 இல் அமெரிக்கா, போரிலிருந்து திரும்புகிற படையினருக்காக ஒரு சட்டம் கொண்டுவந்தது. ஜீ.ஐ. பில் எண்டு சொல்லுவார்கள். கல்லூரிக் கட்டணம், புத்தகச் செலவு, வாழ்வதற்கு மாதக் கொடுப்பனவு எல்லாவற்றுக்கும் அரசு பணம் கொடுத்தது. 1947 அளவில் கல்லூரிக்குள் வந்தவர்களில் ஏறத்தாழ அரைவாசிப் பேர் முன்னாள் படையினர். (தெற்கு மாநிலங்களில் கறுப்பினப் படையினருக்கு அந்தச் சட்டம் கதவைச் சரியாகத் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும்.) கல்லூரி வாசலே மிதிக்காத குடும்பங்களிலிருந்து கனபேர் வந்தார்கள். சிலர் கலியாணம் முடித்துப் பிள்ளையும் கையுமாக இருந்தவர்கள். லெக்சரில் எதை எழுதுறது, எதை விடுறது, தடித்த புத்தகத்தை எப்படி வாசிக்கிறது எண்டு சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. அதுவரை தகப்பனிடமிருந்து மகனுக்கு அரசல்புரசலாகப் போய்க்கொண்டிருந்த சங்கதியை எழுதிவைக்க வேண்டிய தேவை வந்தது.

இந்தச் சூழலில்தான் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பிரான்சிஸ் ரொபின்சனின் புத்தகம் 1946 இல் வருகிறது. முதலில் மேலோட்டமாகப் பார், கேள்வி எழுப்பு, வாசி, பாராமல் சொல், திரும்ப மீட்டு. இந்த ஐந்து படிகளும் அவருடையவை. கோர்னெல் பல்கலைக்கழகத்தில் வோல்ட்டர் போக், மாணவருக்கு நோட்ஸ் எழுதப் பழக்கினார். அவருடைய புத்தகம் 1962 இல் வெளிவந்தது. பக்கத்தின் இடப்பக்கம் இரண்டரை அங்குலம், வலப்பக்கம் ஆறு அங்குலம், அடியில் இரண்டு அங்குலம். லெக்சர் நடக்கும்போது வலப்பக்கம் எழுதுவது. முடிந்த பிறகு இடப்பக்கத்தில் கேள்விகளும் குறிச்சொற்களும். அடியில் சுருக்கம். பிறகு வலப்பக்கத்தை மறைத்துக்கொண்டு, இடப்பக்கத்துக் கேள்விகளுக்கு வாயால் பதில் சொல்லிப் பார்ப்பது.

இந்தக் கடைசிப் படியைத்தான் வீடியோக்களில் விட்டுவிடுவினம். கலர் பேனையும் கோடும் மட்டும் மிஞ்சும். ரொபின்சனும் போக்கும் சந்திக்கிற இடம் அதுதான்: புத்தகத்தை மூடு, பாராமல் சொல். படித்தது எவ்வளவு கெதியாக மறந்துபோகிறது எண்டு ஜேர்மனியரான எபிங்கவுஸ் 1885 இலேயே தன்னிலேயே சோதித்து எழுதிவிட்டார். எங்கட அம்மம்மாக்களுக்கு அவரைத் தெரியாது, ஆனால் கொப்பியைப் பறித்து வைத்துக்கொண்டு "இப்ப சொல்லு பாப்பம்" எண்டு கேட்டவர்கள் அவர்கள்.

சரி, இந்த முறைகள் எல்லாவற்றுக்கும் அடியில் பேசாத ஒரு நிபந்தனை இருக்கு. மாணவரின் நாட்காட்டி மாணவரின் கையில் இருக்கவேண்டும். பரீட்சைத் திகதி அசையக்கூடாது, மேசை இருக்கவேண்டும், லைட் எரியவேண்டும்.

இலங்கையில் இந்த நிபந்தனை எப்ப இருந்தது? 1980களின் கடைசியில் ஜே.வி.பி. கிளர்ச்சிக் காலத்தில் தெற்கின் பல்கலைக்கழகங்கள் நீண்டகாலம் மூடிக்கிடந்தன. 2020 இல் கொரோனா. 2022 மார்ச் முடிவில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம்வரை மின்வெட்டு. 2024 மே மாதம் தொடங்கிய கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தம் இரண்டு மாதமளவு இழுபட்டது. ஊழியர்களின் கோரிக்கை நியாயமா இல்லையா என்பது வேறு கதை. பரீட்சைக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்த பிள்ளையின் அட்டவணை கிழிந்துபோனது மட்டும் நிச்சயம்.

யாழ்ப்பாணத்துக் கதை இன்னும் கடினமானது. 1990 இல் போர் திரும்பத் தொடங்கிய பிறகு குடாநாட்டில் கரண்ட் இல்லை. பொருளாதாரத் தடையால் மண்ணெண்ணெய் தட்டுப்பாடு, பற்றரி வராது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, கொஞ்சமாக எண்ணெய் விட்டுத் திரி கொளுத்திய விளக்கில்தான் ஒரு தலைமுறை ஏலெவல் படித்தது. அந்த ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, அவையின்ர திட்டமிடல் விளங்கும். எழுத்து வேலையும் கணக்கும் பகல் வெளிச்சத்தில். இருட்டில் பாராமல் சொல்லிப் பாடமாக்குறது. ஒரு விளக்கைச் சுற்றி வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும். அவர்களுக்கு நேரத்தை அளந்தது மணிக்கூடு அல்ல, போத்தலில் மிஞ்சியிருந்த எண்ணெய்.

பல்கலைக்கழகங்களில் இப்பவும் புழங்குகிற "குப்பி" என்ற சொல்லும் விளக்கிலிருந்து வந்ததுதான் எண்டு சொல்லுவினம். சின்னப் போத்தல் விளக்கைச் சுற்றியிருந்து படித்த பழக்கத்தின் பெயர், விளக்குப் போன பிறகும் ஒட்டிக்கொண்டது. பாடம் விளங்கின பட்ச்மேட்டோ, சீனியர் அண்ணா, அக்காவோ பரீட்சைக்கு முதல் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது. காசு வாங்குவதில்லை. ஆங்கிலத்தில் நடந்த லெக்சர் குப்பியில்தான் தமிழுக்கு வரும். சிங்கள மாணவர் கூடுதலாக உள்ள கம்பஸில் படிக்கிற தமிழ்ப் பிள்ளைக்கு இது சில வேளை முழு செமஸ்டரையும் காப்பாற்றிக் கொடுக்கும். 2020 இல் குப்பி சூமுக்குள் போனது.

திட்டமிடல் முறை எண்டு பார்த்தால் குப்பி கோர்னெலுக்குக் குறைந்தது இல்லை. சொல்லிக்கொடுக்கிறவர்தான் பாராமல் சொல்லுகிறவர், ஆகவே அவருக்குத்தான் கூட லாபம். குறையும் உண்டு. கடைசிக் கிழமைக்கு எல்லாவற்றையும் தள்ளிவைக்கிற பழக்கத்தைக் குப்பி வளர்க்கிறது. பழைய பேப்பரில் வராத பகுதியை ஒருவரும் தொடுவதில்லை.

அதைவிடப் பெரிய குறை, குப்பிக்கு யாரைக் கூப்பிடுவது எண்டு தீர்மானிக்கிறவர்கள் சிலர் இருப்பது. ராக்கிங்கை ஏற்க மறுத்த பிள்ளைக்குச் சீனியரின் நோட்ஸ் வராது, குப்பிச் செய்தி வாட்சப்பில் வராது. பகிடிவதையைத் தடைசெய்யும் சட்டம் 1998 இலேயே வந்துவிட்டது. ஆனால் ஒருவரைக் குப்பிக்குச் சேர்க்காமல் விடுவதை எந்தச் சட்டத்தில் எழுதுறது? பகிர்ந்து படிக்கத் தொடங்கின ஒரு பழக்கம், ஆளைத் தள்ளிவைக்கிற ஆயுதமாகவும் மாறியிருக்கிறது. இதைக் குப்பியின் பெருமை பேசுகிற ஆக்கள் அநேகமாகச் சொல்லுறதில்லை.

அப்படித் தள்ளிவைக்கப்பட்டவர்கள் தங்களுக்குள்ளேயே குப்பி வைக்கிற பட்ச்களும் இருக்கு. சீனியர் கிடையாது, பழைய நோட்ஸ் கிடையாது. ஆளுக்கொரு பாடத்தைப் பிரித்தெடுத்து, ஒரு கிழமை தனியப் படித்து, பிறகு வெறும் வகுப்பறை ஒன்றில் கூடி, கொப்பியை மூடிவைத்துவிட்டு ஒருத்தருக்கொருத்தர் சொல்லுகிறார்கள்.