பதிவேட்டில் இல்லாத பிள்ளைகள்: வட தாய்லாந்தில் நாடற்ற நிலையின் வரலாறு

தாய்லாந்தின் வட எல்லை மலைகளில் வாழும் ஆக்கா, லாகு முதலிய பழங்குடியினருள் பலர் நாடற்றோராக, அதாவது எந்த அரசும் தன் குடிமக்களென ஏற்காதவர்களாக, ஆனதற்குக் குடும்பப் பதிவேடு எழுதும் பணி மலையூர்களைப் பல்லாண்டுகள் எட்டாமல் போனது ஒரு காரணமெனில், 1972 டிசம்பரில் இராணுவ ஆட்சி பிறப்பித்த 337ஆம் எண் ஆணை மற்றொரு காரணமாகும். வடகிழக்கில் குடியேறியிருந்த வியட்நாமிய அகதிகளைப் பற்றிய அச்சத்தில் எழுந்த அவ்வாணை, அனுமதியின்றியோ தற்காலிகமாகவோ நாட்டினுள் வந்தோருக்குத் தாய்லாந்து மண்ணிலேயே பிறந்த பிள்ளைகளின் குடியுரிமையையும் பறித்தமையால், அகதிகளோடு தொடர்பே இல்லாத மலைமக்களின் பிள்ளைகளும் அயலாராயினர்.

இதன் கொடிய விளைவு பயணத் தடையில் வெளிப்பட்டது. அடையாள அட்டை பெற்ற நாடற்றோர்கூடத் தம் பகுதியைவிட்டு வெளியேற அனுமதிச் சீட்டுப் பெற வேண்டியிருந்ததால், வறுமையினால் நகரத்துக்கு அனுப்பப்பட்ட பிள்ளை சோதனைச் சாவடிகளைக் கடக்கத் தரகரையே நம்ப நேர்ந்தது. அவர் செய்த செலவு கடனாகிப் பிள்ளையின் தலைமேல் ஏறியது. கடன் தீரும்வரை சியாங் மாய், பாங்காக் தெருக்களில் பூ விற்பதும் பிச்சை எடுப்பதும் விடுதிகளில் உடலை விற்பதும் கட்டாயமாயின. நெல் பச்சையாக நிற்கும்போதே முன்பணம் கொடுத்து விளைச்சலைப் பிடித்துக்கொள்ளும் வணிக வழக்கத்தின் பெயரால் ‘தோக் கியாவ்’ எனப்பட்ட முறையில், வட மாநிலப் பெற்றோரிடம் சிறுமியருக்கும் அவ்வாறே முன்பணம் தரப்பட்டது. தப்பியோடிய பிள்ளைக்குக் காவல் நிலையமும் புகலிடமாக இல்லை. வயதைக் காட்டப் பிறப்புச் சான்றிதழ் இல்லாத அப்பிள்ளை, கொத்தடிமையாக அன்றிச் சட்டவிரோதக் குடியேறியாகவே பார்க்கப்பட்டது.

1996ஆம் ஆண்டின் பாலியல் தொழில் தடுப்புச் சட்டம் சிறாரைப் பயன்படுத்துவோருக்குத் தண்டனையைக் கடுமையாக்கியது. எனினும் 2008ஆம் ஆண்டே உண்மையான திருப்பம் எனலாம்: ஆள்கடத்தல் தடுப்புச் சட்டம் அவ்வாண்டு வந்ததோடு, பெற்றோரின் நிலை எதுவாயினும் பிறக்கும் ஒவ்வொரு குழந்தையையும் பதிவு செய்ய வழிசெய்த சட்டத் திருத்தமும், 337ஆம் ஆணை பறித்த குடியுரிமையை மீட்டளித்த திருத்தமும் வந்தன. இவற்றுள் பிறப்புப் பதிவே அடித்தளமானது; ஏட்டில் இல்லாத பிள்ளையின் வயதையும் உறவையும் நிறுவ இயலாத நீதிமன்றம் அதற்கு எந்தக் காப்பையும் முழுமையாக அளிக்க முடியாது.

2018இல் தாம் லுவாங் குகையிலிருந்து மீட்கப்பட்ட கால்பந்துக் குழுவினருள் நாடற்றோராயிருந்த மூன்று சிறுவரும் பயிற்றுநரும் சில வாரங்களில் குடியுரிமை பெற்றனர். அதே மலைகளிலிருந்து வந்து தெருவில் வாழும் பிள்ளையோ ஊர்த்தலைவரின் சாட்சியத்தையும் உறவினரோடு ஒப்பிடும் மரபணுச் சோதனையையும் காட்ட வேண்டியுள்ளது. குடும்பத்தைப் பிரிந்து வந்ததாலேயே தெருவுக்கு வந்த அப்பிள்ளையிடம் இவ்விரண்டும் பெரும்பாலும் இருப்பதில்லை.