பெருநாள் இறைச்சியைக் காயவைத்தல்: முறையும் கவனமும்

ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சி பாலமுனை, ஒலுவில், அட்டாளைச்சேனை போன்ற கரையோர ஊர்களில் பல வீடுகளுக்கு ஒரே நாளில் வந்து சேர்கிறது. குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டுக்குத்தான் அதைப் பாதுகாப்பது பெரும்பாடு. யுத்தக் காலத்தில் மின்சாரமின்றி வாழ்ந்தவர்களுக்கு இது பழகிய கவலை. அதற்கு நம்மவர் கண்ட வழி, உப்பிட்டு வெயிலில் காயவைக்கும் உப்புக்கண்டம்.

பெருநாள் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னகர்வதால், காயவைக்கும் காலநிலையும் மாறுகிறது. சுனாமி வந்து ஒரு மாதம் கூட ஆகாத 2005 ஜனவரியில் வந்த பெருநாள், கிழக்கின் மாரிகாலத்தில் அமைந்தது. 2025இல் அது ஜூன் மாதத்தில், கச்சான் காற்று வீசும் காலத்தில் வந்தது. காயவைக்க ஏற்ற காலம் இதுவே.

செய்முறை

கொழுப்பில்லாத தொடை இறைச்சியைத் தெரிவு செய்யுங்கள். கொழுப்பு காயாது, நாளடைவில் சிக்கு வாடை வீசும். நார் ஓடும் திசையில், விரல் தடிப்பிலும் மெல்லிய நீளக் கீற்றுகளாக வெட்டுங்கள். ஒரு கிலோவுக்குச் சுமார் 50 கிராம் உப்புடன் மஞ்சள், மிளகு, மிளகாய்த்தூள் சேர்த்துப் பிசறுங்கள். பிறகு கொதிநீரில் இட்டு, உள்ளே சிவப்பு மாறும்வரை அவித்து வடித்தெடுங்கள். கயிற்றில் ஒன்றோடொன்று படாமல் தொங்கவிட்டு, ஈ மொய்க்காதபடி வலையால் மூடுங்கள். அந்தி சாயுமுன் உள்ளே எடுத்துவிட வேண்டும். கடற்காற்றின் ஈரம் காய்ந்ததை மீண்டும் நனைக்கும். வளைத்தால் விறைத்து முறியும் பதம் வந்ததும் காற்றுப் புகாத போத்தலில் அடையுங்கள்.

ஏன் அவிக்க வேண்டும்?

உப்பும் வெயிலும் நீரை வற்றச் செய்து கிருமிகள் பெருகுவதைத் தடுக்கின்றன. ஏற்கெனவே இருப்பவற்றை அவை முழுமையாகக் கொல்வதில்லை. இறைச்சியின் மேற்பரப்பில் ஈ.கோலை, சல்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்களும், தசைக்குள் நாடாப்புழுவின் முட்டைப்பருவம் கடந்த இளம்புழுக்களும் இருக்கலாம். உள்வெப்பம் 71 பாகை செல்சியஸை எட்டினால் இவை அழியும். தேசிக்காய்ச்சாறு இறைச்சியின் நிறத்தை மாற்றும். அது வேகவைத்ததற்கு ஈடாகாது.

புலம்பெயர் நாடுகளில் வாழும் நம்மவர், உணவகங்களில் பச்சை மாட்டிறைச்சியை மெல்லியதாகச் சீவித் தரும் 'கார்ப்பாச்சோ' என்ற முன்னுணவைக் கண்டிருப்பார்கள். வெனிஸ் நகரில் அறிமுகமான அது, குளிர்ச்சி அறாமல் கையாளப்பட்ட இறைச்சியை நம்பிய உணவு. பெருநாளன்று அறுத்து, வெயிலில் பல கை மாறி வரும் இறைச்சிக்கு அந்த நம்பிக்கை பொருந்தாது. ஆகையால் அதை வீட்டில் பச்சையாகப் பரிமாறிப் பார்க்க வேண்டாம். சிறுவர், கர்ப்பிணிகள், முதியோருக்கு ஆபத்து இன்னும் கூடுதல்.

வெப்பம் 32 பாகையைத் தாண்டும் நாளில் பச்சை இறைச்சியை ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக்கூடாது. பங்கு வைப்பவர்கள் முதலில் குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினால், அவர்களுக்கு அவித்துக் காயவைக்க நேரம் கிடைக்கும்.

குர்பானி இறைச்சியை மூன்று நாளுக்கு மேல் சேமிக்க வேண்டாம் என்று நபிகளார் ஓராண்டு தடுத்தார்கள். ஊருக்கு வந்த வறியவர்களுக்கும் அது போய்ச் சேர வேண்டும் என்பதற்காக. பின்னர் அத்தடை நீக்கப்பட்டது. சேமிப்பதற்கு முன் பகிர வேண்டும் என்ற கரிசனை மட்டும் இன்றும் மாறவில்லை.