சொன்னால் தப்பில்லை: வானத்தில் நடந்த தவறுகளும் அவற்றை வெளியே சொன்னவர்களும்

பரந்தூரில் புதிய விமான நிலையம் என்று 2022ல் அறிவிப்பு வந்ததிலிருந்து, காஞ்சிபுரம் பக்கத்தில் விமானம் என்றாலே பேச்சு நிலத்தைப் பற்றித்தான். எந்த ஊர் போகும், எந்த ஏரி போகும், இழப்பீடு எவ்வளவு... வீடு வாசலை இழக்கப் போகிறவர்களுக்கு அதுதான் முதல் கவலை. அது நியாயமும் கூட. ஆனால் விமானம் பறக்கும் இடங்களில் எல்லாம் இன்னொரு கேள்வியும் உண்டு. மேலே பறக்கிற விமானியோடு கீழே இருந்து பேசுகிறவர் சொன்னது சரியாகப் புரிந்ததா? புரியாமல் போன அன்று, அதை யாராவது வெளியே சொல்கிறார்களா?

இந்தக் கேள்வி காஞ்சிபுரத்துத் தறிக்காரர்களுக்குப் புதிதல்ல. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். வழக்கமான முறையில் அதை ஒருவர் தனியாக நெய்ய முடியாது. நெய்பவருக்குப் பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ளவேண்டும். இருவரும் ஒத்துப்போகாவிட்டால் கோர்வை பிசகும். பிசகியதை உடனே சொன்னால் நாலு இழையைப் பிரித்துச் சரிசெய்துவிடலாம். திட்டு விழுமே என்று பயந்து சொல்லாமல் விட்டால்? துணி படமரத்தில் சுற்றிக்கொண்டே போகும். புடவை முழுவதும் முடிந்த பிறகுதான் குறை தெரியும்.

தறியில் போவது ஒரு புடவை. வானத்தில் போவது என்ன என்பதை இந்தியா 1996ல் பார்த்தது.

சர்க்கி தாத்ரி, 1996

1996 நவம்பர் 12, மாலை சுமார் 6.40 மணி. தில்லியிலிருந்து கிளம்பிய சவுதி அரேபிய ஏர்லைன்ஸின் போயிங் 747 மேலே ஏறிக்கொண்டிருந்தது. உள்ளே 312 பேர். வளைகுடாவுக்கு வேலைக்குப் போகும் இந்தியர்கள் நிறையப் பேர் அதில் இருந்தார்கள். எதிர்த் திசையில் கஜகஸ்தானிலிருந்து வந்த இல்யூஷின் 76 விமானம் தில்லியில் இறங்குவதற்காகத் தாழ்ந்துகொண்டிருந்தது. அதில் 37 பேர்.

கட்டுப்பாட்டாளர் கொடுத்த உத்தரவு தெளிவானது. சவுதி விமானம் 14,000 அடியில் நிற்கவேண்டும். கஜக் விமானம் 15,000 அடிக்குக் கீழே வரக்கூடாது. எதிரே ஒரு போயிங் வருகிறது என்பதையும் அவர் கஜக் விமானத்துக்குச் சொன்னார். பதிலும் வந்தது. ஆனாலும் கஜக் விமானம் 15,000 அடியைத் தாண்டிக் கீழே இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரும் இறந்தார்கள். நடுவானில் இரு விமானங்கள் மோதி இத்தனை பேர் இறந்தது அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

விசாரணை நடத்தியவர் அப்போது தில்லி உயர்நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஆர்.சி. லஹோட்டி. பின்னாளில் உச்சநீதிமன்றத் தலைமை நீதிபதி ஆனவர். கஜக் விமானம் தனக்குக் கொடுத்த உயரத்தை விட்டு இறங்கியதுதான் காரணம் என்பது விசாரணையின் முடிவு. ஆனால் ஏன் இறங்கியது என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். அந்த விமானத்தில் தரையோடு ஆங்கிலத்தில் பேசியது விமானி அல்ல, தனியாக ஒரு ரேடியோ ஆபரேட்டர். அவருக்கென்று உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்கவேண்டும். அதாவது உத்தரவைக் கேட்டவர் கையில் விமானம் இல்லை, விமானத்தை ஓட்டியவர்களுக்கு ஆங்கிலம் சரியாக வராது!

கீழேயும் குறைகள் இருந்தன. விமானத்தின் உயரத்தைக் காட்டக்கூடிய இரண்டாம்நிலை ராடார் அப்போது தில்லியில் பயன்பாட்டுக்கு வரவில்லை. திரையில் தெரிந்தது புள்ளி மட்டும்தான். விமானி வாயால் சொல்லும் உயரத்தை அப்படியே நம்பவேண்டிய நிலை. வருகிற விமானமும் போகிற விமானமும் ஒரே வான்பாதையில் வேறு.

இவற்றில் எதுவும் அன்று மாலை 6.40க்குத் திடீரென்று முளைத்த குறை அல்ல என்பதைக் கவனிக்கவேண்டும். எல்லாம் அதற்கு முன்பும் இருந்தவை. விபத்துக்குப் பிறகு வரும் பாதைக்கும் போகும் பாதைக்கும் பிரிவு வந்தது, புது ராடார் வந்தது, மோதலை எச்சரிக்கும் கருவி விமானங்களில் கட்டாயம் ஆனது. விலை 349 உயிர்.

ஆறு வாரம் முன்பே தெரிந்த ஆபத்து

இதைவிட மனதை உறுத்தும் ஒரு கதை அமெரிக்காவில் உண்டு. 1974 டிசம்பர் 1 அன்று டி.டபிள்யூ.ஏ. நிறுவனத்தின் 514ம் எண் விமானம் வாஷிங்டன் டல்லஸ் நிலையத்தில் இறங்க வந்தது. இறங்க அணுகலாம் என்று கட்டுப்பாட்டாளர் அனுமதி கொடுத்தார். உடனே தாழ இறங்கலாம் என்று விமானிகள் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டார்கள். முன்னால் ஒரு மலை. 92 பேரும் இறந்தார்கள்.

விசாரணையில் ஒரு செய்தி வெளிவந்தது. சுமார் ஆறு வாரத்துக்கு முன் யுனைடெட் நிறுவனத்தின் விமானிகளும் அதே இடத்தில், அதே அனுமதியை, அதே மாதிரி தப்பாகப் புரிந்துகொண்டு மயிரிழையில் தப்பியிருக்கிறார்கள். அவர்கள் அதை மறைக்கவும் இல்லை. தங்கள் நிறுவனத்துக்குள் சொன்னார்கள். நிறுவனமும் தன் விமானிகளை எச்சரித்தது. ஆனால் அந்த எச்சரிக்கை மற்ற நிறுவனங்களுக்குப் போய்ச் சேரவில்லை. ஒரு வீட்டுக்காரருக்குப் பாம்பு இருப்பது தெரியும், பக்கத்து வீட்டுக்காரருக்குத் தெரியாது என்ற கதைதான்.

இதன் பிறகுதான், தவறையும் ஆபத்தையும் நாடு முழுவதிலிருந்தும் ஒரே இடத்தில் திரட்டும் ஏற்பாடு 1976ல் வந்தது. இதில் ஒரு புத்திசாலித்தனம் உண்டு. அறிக்கைகளை வாங்கும் வேலையை விமானப் போக்குவரத்துத் துறையிடம் கொடுக்கவில்லை, நாசாவிடம் கொடுத்தார்கள். காரணம் எளிது. உரிமத்தைப் பறிக்கும் அதிகாரம் உள்ளவரிடம் போய் "நான் தப்பு செய்தேன்" என்று யார் சொல்வார்கள்? நாசாவுக்கு யாரையும் தண்டிக்கும் அதிகாரம் இல்லை. அறிக்கைப் படிவத்தில் பெயர் எழுதும் பகுதியைத் தனியாகக் கிழித்து எழுதியவருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள். வேண்டுமென்றே செய்யாத தவறு என்றால், 10 நாளுக்குள் தெரிவித்தவருக்கு அபராதத்திலிருந்து விலக்கும் உண்டு. குற்றச்செயலுக்கும் விபத்துக்கும் இந்தச் சலுகை கிடையாது. கடிதங்கள் வந்து குவிந்தன. இன்றுவரை வந்தவை லட்சக்கணக்கில். விமானி, கட்டுப்பாட்டாளர், மெக்கானிக் என்று எல்லோரும் எழுதுகிறார்கள்.

பிரிட்டனில் 1982ல் இதே போன்ற ஏற்பாடு தொடங்கியது. பிறகு பல நாடுகள் பின்பற்றின.

ஒரு வார்த்தையின் விலை

பேச்சில் வரும் பிசகு எவ்வளவு சின்னதாக இருக்கும் என்பதற்கு 1977 மார்ச் 27 சாட்சி. ஸ்பெயினின் டெனரீஃப் தீவில், பனிமூட்டத்தில், ஓடுபாதையிலேயே இரண்டு 747கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கே.எல்.எம். விமானி புறப்பட அனுமதி கிடைத்துவிட்டதாக நினைத்து விமானத்தைக் கிளப்பிவிட்டார். கட்டுப்பாட்டாளர் காத்திருக்கச் சொன்னார். எதிரே இருந்த பான் ஆம் விமானம் தான் இன்னும் ஓடுபாதையில்தான் இருப்பதாகச் சொன்னது. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசியதால் ரேடியோவில் கேட்டது வெறும் கீச்சுச் சத்தம். அதற்குப் பிறகு, புறப்பட அனுமதி கொடுக்கும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே 'டேக் ஆஃப்' என்ற சொல்லைப் பயன்படுத்துவது விதியானது. முக்கியமான உத்தரவை விமானி அப்படியே திருப்பிச் சொல்லவேண்டும், அதைக் கட்டுப்பாட்டாளர் காது கொடுத்துக் கேட்கவேண்டும் என்பதும் கண்டிப்பானது.

மொழிக்கும் பரீட்சை வந்தது. சர்வதேச விமானப் போக்குவரத்து அமைப்பு 2003ல் விதி கொண்டுவந்தது. வெளிநாட்டுப் பாதைகளில் பறக்கும் விமானியும் அவர்களோடு பேசும் கட்டுப்பாட்டாளரும் ஆறு படிகளில் குறைந்தது நாலாவது படியை எட்டவேண்டும். 2008ல் அமலுக்கு வரவேண்டியது. தயாராகாத நாடுகளுக்காக 2011 வரை அவகாசம் நீண்டது. சர்க்கி தாத்ரி நடந்து 15 வருடம் ஆகியிருந்தது!

நம் நாட்டில்

2013ல் அமலான சர்வதேச விதித் தொகுப்பு, தானாக முன்வந்து சொல்லும் ஏற்பாடு ஒவ்வொரு நாட்டிலும் இருக்கவேண்டும், சொன்னவருக்குப் பாதுகாப்பு வேண்டும் என்கிறது. இந்தியாவிலும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தில் அப்படி ஒரு ஏற்பாடு இருக்கிறது. ஆனால் படிவம் இருந்தால் மட்டும் போதுமா? இரண்டு விமானங்கள் நெருங்கிவிட்டன என்று செய்தி வந்தால், சம்பந்தப்பட்ட கட்டுப்பாட்டாளரைப் பணியிலிருந்து ஒதுக்கிவைத்ததாக அடுத்த வரி வருவதை நாம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். அதைப் படிக்கிற இன்னொரு கட்டுப்பாட்டாளர் தன் தவறைத் தானாக எழுதி அனுப்புவாரா?

தண்டனையே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. குடித்துவிட்டு வேலைக்கு வந்தவரும், களைப்பில் ஒரு எண்ணைத் தப்பாகக் கேட்டவரும் ஒன்றல்ல என்பதுதான் வாதம். முதலாமவரைத் தண்டிக்கவேண்டும். இரண்டாமவரைப் பேசவிடவேண்டும். ஏனென்றால் அவர் கேட்ட அதே எண்ணை நாளைக்கு இன்னொருவரும் தப்பாகக் கேட்பார்.

கணக்குப் புத்தகத்தில் எழுதாமல் விட்ட நஷ்டம் இல்லாமல் போய்விடாது. வருடக் கடைசியில் மொத்தமாக வந்து நிற்கும். சர்க்கி தாத்ரியின் வயல்களில் விழுந்ததும் அப்படி ஒரு எழுதாத கணக்குதான். பரந்தூரில் நாளை கட்டுப்பாட்டுக் கோபுரம் எழுந்தால், அதன் உயரம் எத்தனை மீட்டர் என்று பத்திரிகைகள் எழுதும். அதற்குள் உட்காருகிறவர் "நான் தப்பாகச் சொல்லிவிட்டேன்" என்று பயமில்லாமல் சொல்ல முடியுமா என்பதையும் அன்றைக்கு யாராவது கேட்கவேண்டும்.