ரஹீம் சாப்பும் இடது காலும்

10-க்கு 1. ஏதோ கந்துவட்டிக் கணக்கு மாதிரி இருக்கிறதா? (வங்கிக்காரன் புத்தி, வேறெப்படிப் போகும்!) 1952 ஜூலையில் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் நம் கால்பந்து அணி வாங்கிய அடி அது.

நான்கு வருடம் கழித்து, 1956-ல் மெல்போர்ன் ஒலிம்பிக் அரையிறுதி. எதிரே அதே யூகோஸ்லாவியா. இந்த முறையும் தோல்விதான், ஆனால் 4-1. அதிலும் முதல் கோல் போட்டது நாம். அதற்கு முந்தைய ஆட்டத்தில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே 4-2 என்று வென்றிருந்தோம். நெவில் டிசூசா மட்டும் மூன்று கோல்.

நடுவில் என்ன நடந்தது? பணம் ஒன்றும் கொட்டவில்லை. ஆடியவர்கள் அப்போதும் போலீஸ்காரர்கள், ராணுவத்தினர், ரயில்வே ஊழியர்கள்தான். ஆட்டம் அவர்களுக்குப் பிழைப்பு இல்லை, பிரியம். இரண்டு ஒலிம்பிக்கிலும் பயிற்சியாளர் ஒருவரே. நான் வேலை பார்க்கும் இந்த ஹைதராபாத்தின் பள்ளி ஆசிரியர், சையத் அப்துல் ரஹீம். ஊருக்கு 'ரஹீம் சாப்'. 2024-ல் வந்த 'மைதான்' இந்திப் படத்தைப் பார்த்தவர்களுக்குப் பெயர் தெரிந்திருக்கும். படத்தில் வரும் தங்கப்பதக்கத்தை விட, பிரியத்துக்கு ஆடுகிறவர்களைப் புதுப் பயிற்சிக்கு அவர் எப்படிச் சம்மதிக்க வைத்தார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம்.

சம்பளம் கொடுத்தால் 'இப்படி ஆடு' என்று உத்தரவு போடலாம். சும்மா ஆடுகிறவனிடம் எப்படிச் சொல்வது? 'இத்தனை வருஷம் இப்படித்தானே ஜெயித்தோம்' என்பான். அந்த வாதத்துக்கு அன்று பலமான சாட்சியும் இருந்தது. 1911-ல் கல்கத்தாவில் மோகன் பகான் அணி, பூட்ஸ் போட்ட ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமெண்டை 2-1 என்று வென்று ஐ.எஃப்.ஏ. ஷீல்டைக் கைப்பற்றியது. பதினொரு பேரில் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரும் வெறுங்கால். அன்றிலிருந்து வெறுங்கால் என்பது ஒரு தேசப் பெருமை. பூட்ஸ் போட்டால் பந்தின் தொடுகை தெரியாது என்ற நம்பிக்கையும் சேர்ந்துகொண்டது. காய்ந்த தரையில் அது பொய்யுமில்லை. ஹெல்சிங்கியின் குளிரில்தான் குட்டு உடைந்தது. அன்றும் நம் ஆட்கள் பலர் வெறுங்காலோடுதான் இறங்கினார்கள். அதற்குப் பிறகு கால்பந்து சம்மேளனம் பூட்ஸைக் கட்டாயமாக்கியது.

உத்தரவு போட்டுக் காலில் பூட்ஸை மாட்டிவிடலாம். ஆடும் விதத்தை உத்தரவு போட்டு மாற்ற முடியுமா?

இங்கேதான் ரஹீம் சாப்பின் வாத்தியார் மூளை. 1940-களிலேயே அவர் ஹைதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளராகவும் சிட்டி போலீஸ் அணியின் பயிற்சியாளராகவும் ஆகிவிட்டார். நம் ஆட்டக்காரர்களிடம் இரண்டு பழக்கம். ஒன்று, பந்து கிடைத்தால் தானே கொண்டுபோய் நாலு பேரை ஏமாற்றிக் கைதட்டு வாங்குவது. இரண்டு, எல்லாவற்றுக்கும் வலது காலையே நம்புவது. இவற்றைக் கண்டித்து அவர் பிரசங்கம் செய்துகொண்டிருக்கவில்லை. போட்டி வைத்தார்!

ஒரு போட்டியில் பலவீனமான காலால் மட்டுமே பந்தை ஆடலாம். இன்னொன்றில் பந்தை உருட்டிக்கொண்டு ஓடவே கூடாது, கிடைத்ததும் கூட்டாளிக்குக் கொடுத்துவிட வேண்டும். குள்ளமான பையன்களுக்கென்றும் தனிப் போட்டி உண்டு. 'இடது காலைப் பழக்கு' என்று நூறு தடவை சொன்னால் கேட்காத பையன், எதிர்த் தெரு அணியிடம் தோற்கக் கூடாது என்பதற்காகத் தானே சுவரில் அடித்துப் பழகுவான். சொன்னால் அது அறிவுரை. ஜெயிக்க அதுதான் ஒரே வழி என்றாகிவிட்டால், அது அவனுடைய சொந்த யோசனை.

பலன்? 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து வருடம் பம்பாயில் ரோவர்ஸ் கோப்பை ஹைதராபாத் போலீஸுக்குத்தான்.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. செகந்திராபாத் ராணுவக் குடியிருப்புகளை ஒட்டிய அம்முகுடாவில் ஒரு தமிழ்க் குடும்பத்தில் 1936-ல் பிறந்தவர் துளசிதாஸ் பலராம். நல்ல வறுமை. திறமையைப் பார்த்துக் கூப்பிட்ட ரஹீமிடம், தினமும் அவ்வளவு தூரம் வர வசதியில்லை என்றார். வாடகை சைக்கிளுக்குக் காசு கொடுத்து வரவழைத்தார் ரஹீம். சம்மதிக்க வைப்பதில் இதுவும் ஒரு வகை. 'வர மாட்டேன்' என்பவனுக்குச் சில சமயம் மனசு தடையில்லை, தூரம்தான் தடை. அந்தப் பையன் மெல்போர்னில் ஆடினார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் ஹங்கேரிக்கு எதிராகவும் பெருவுக்கு எதிராகவும் கோல் போட்டார். 2023-ல் காலமானார். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அவர் பெயர் தெரியும்?

1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டு. ரஹீமுக்குப் புற்றுநோய். தலையில் அடிபட்டுத் தையல் போட்டிருந்த தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கை முன்வரிசையில் ஆடச் சொன்னார். அவரும் மறுபேச்சில்லாமல் ஆடினார். அரையிறுதியில் ஒரு கோல், இறுதியில் ஒரு கோல். தென்கொரியாவை 2-1 என்று வென்று தங்கம். அன்று கோல்கீப்பர், நீலகிரி வெல்லிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டல் சென்டரில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் நமக்கு அதற்குப் பிறகு தங்கம் கிடைக்கவில்லை.

1963 ஜூனில் ரஹீம் மறைந்தார். ஒலிம்பிக் கால்பந்தில் 1960-க்குப் பிறகு நாம் ஆடியதே இல்லை. காரணம் பல இருக்கலாம். எனக்குத் தெரிந்த வங்கிப் பாஷையில் சொன்னால், மொத்த வைப்பும் ஒரே மனிதரின் கணக்கில் இருந்தது. வாரிசுதாரர் பெயர் எழுதப்படவில்லை. மற்ற ஊர்களும் அவர் வைத்த மாதிரிப் போட்டிகளை வைத்திருந்தால், அவர் போன பிறகும் வட்டி வந்துகொண்டிருந்திருக்கும்.

எங்கள் குடியிருப்பில் ஞாயிறு காலை பிள்ளைகள் ஆடும்போது, வேலிக்கு வெளியே நின்று 'பாஸ் பண்ணுடா, பாஸ் பண்ணுடா' என்று தொண்டை வறளக் கத்தும் அப்பாக்கள் உண்டு. உங்கள் ஊரிலும் இருப்பார்கள். கத்த வேண்டாம் ஐயா. அடுத்த வாரம் இடது காலால் மட்டும் ஒரு ஆட்டம் வையுங்கள். ஜெயிக்கிற அணிக்கு ஐஸ்கிரீம். பிறகு பாருங்கள்.