பழைய கடைசல் இயந்திரங்களின் பெயாரிங்குகளுக்கு ஒயில், கிறீஸ் தெரிவு

லேத், துளையிடும் இயந்திரம் முதலான பழைய பட்டறைக் கருவிகளின் பெயாரிங்குகளுக்கு ஏற்ற உராய்வுநீக்கியைத் தெரிவுசெய்வது பற்றிய குறிப்பு இது. வவுனியா வடக்கின் நெடுங்கேணி போன்ற விவசாய ஊர்களில் உழவு இயந்திரம், நீர்ப்பம்பி ஆகியவற்றைத் திருத்துவதற்கு இக்கருவிகள் உதவும்.

முதலில் பெயாரிங்கின் வகையை அறிய வேண்டும். வெண்கலம் அல்லது வெள்ளை உலோகப் புஷ்ஷில் சுழலும் தண்டைத் தாங்குவது மெல்லிய ஒயில் படலம். ஒயில் கிண்ணத்தில் கிறீஸை அடைத்தால் ஒயில் வழி அடைபட்டு, புஷ் வறண்டு தேயும்.

ஐ.எஸ்.ஓ. வி.ஜி. எண் 40 பாகை செல்சியசில் ஒயிலின் பிசுக்குமையைக் காட்டும். இடைவெளி குறைந்த, வேகமாகச் சுழலும் தண்டுக்குப் பொதுவாக 22 அல்லது 32 பொருந்தும். மெதுவாக இயங்கும் பாகங்களுக்கு 68. எஸ்.ஏ.இ. 30 எஞ்சின் ஒயில் ஏறத்தாழ 100 என்பதால் வேகத் தண்டைச் சூடாக்கும். சில கியர் ஒயில்களிலுள்ள வீரியக் கந்தகம் வெண்கலத்தை அரிக்கும்.

குண்டுப் பெயாரிங்குகள் பலவற்றுக்கு லிதியம் கிறீஸ் ஏற்றது. உள்வெளியில் மூன்றிலொரு பங்கு போதும், கூடினால் சூடேறும். பழைய கிறீஸைக் கழுவி அகற்றாமல் வேறு வகையைச் சேர்க்கக் கூடாது.

உற்பத்தியாளரின் கைநூல் கிடைத்தால் அதன் பரிந்துரையே முதன்மையானது.