நட்பெண்களும் ஒரு பகா எண்ணும்

220, 284 என்னும் இரண்டும் நட்பெண்கள் எனப் பண்டைக் கிரேக்கர் போற்றினர். 220ஐ மீதியின்றி வகுக்கும், அதனினும் சிறிய எண்கள் அனைத்தையும் கூட்டினால் 284 வரும். 284ஐ அவ்வாறே வகுப்பவற்றைக் கூட்டினால் 220 வரும். அரபு அறிஞர்கள் இவற்றை ‘அல் அஃதாதுல் முதஹாப்பா’ என்றனர். ‘ஹுப்பு’ எனும் அன்பு இருபாலும் நிகழ்வதை அச்சொல்லின் அமைப்பே உணர்த்தும்.

கிரேக்கர் அறிந்திருந்தது இந்த ஓர் இணையே. பிற இணைகளைக் கண்டறியும் விதியொன்றை வகுத்து, அதனை நிறுவியும் காட்டியவர் தாபித் இப்னு குர்ரா. ஹர்ரானில் பிறந்து, பக்தாதில் பனூ மூஸா சகோதரர்களின் ஆதரவில் ஆய்வு செய்து, 901இல் மறைந்தவர். அவர் முஸ்லிம் அல்லர். ஸாபியீ சமயத்தினர் என்பதையும் நாம் மறைத்தல் தகாது.

அவ்விதியைக் காண்போம். 4இன் மும்மடங்கில் ஒன்று குறைத்தால் 11. அதன் பாதியாகிய 2இன் மும்மடங்கில் ஒன்று குறைத்தால் 5. இரண்டையும் நான்கையும் பெருக்கி, அதனை ஒன்பது மடங்காக்கி, ஒன்று குறைத்தால் 71. இம்மூன்றும் பகா எண்கள். ஆகவே 4×5×11 = 220; 4×71 = 284.

4க்குப் பதிலாக 8ஐ வைத்தால் 11, 23, 287 கிடைக்கும். 287 பார்வைக்குப் பகா எண் போலவே தோன்றும். ஆனால் அது 7×41. ஓர் எண் பிளவுபட்டதும் விதி பயனற்றுப் போகிறது.

16ஐ வைத்தால் 23, 47, 1151. இங்கு 1151 பகா எண்தானா என்பதே கேள்வி. 2 முதல் 31 வரையுள்ள பதினொரு பகா எண்களாலும் வகுத்துப் பார்த்தல் வேண்டும், எதனாலும் வகுபடாது. எனவே 17,296, 18,416 நட்பெண்களாயின. வானவில்லின் தோற்றத்தை விளக்கிய கமாலுத்தீன் அல் ஃபாரிஸீ, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ‘தத்கிரத்துல் அஹ்பாப்’ எனும் நூலில் இவ்விணையைத் தந்துள்ளார். தாபித்தின் விதிக்குப் பகாக் காரணிகளின் வழியே புதியதோர் நிறுவலையும் அளித்தார்.

128ஐ வைத்தால் வருபவை 191, 383, 73,727. இறுதி எண்ணைச் சோதிக்க 271 வரையுள்ள 58 பகா எண்களால் வகுத்துப் பார்த்தல் வேண்டும். அதுவும் பகா எண்ணே. இதனால் பிறந்த 93,63,584, 94,37,056 என்னும் இணையை 17ஆம் நூற்றாண்டில் ஈரானின் முஹம்மத் பாகிர் யஸ்தீ கண்டார். இவ்விதியின் வழியே நான்காவது இணை இன்றளவும் கிடைத்திலது.

ஐரோப்பாவில் இரண்டாம் இணை 1636இல் பெர்மாவாலும், மூன்றாம் இணை 1638இல் தெகார்த்தாலும் அறியப்பட்டு, நெடுங்காலம் அவர்தம் பெயராலேயே வழங்கின. தாபித்தின் நூலை 1852இல் வோப்கே எனும் ஜெர்மானியரே ஐரோப்பியருக்கு அறிமுகம் செய்தார்.

இதனால் அவ்விருவரையும் குறை கூறல் முறையன்று. நம் முன்னோர் அனைத்தையும் கண்டுவிட்டனர் என மேடையில் முழங்குவதும் முறையன்று. சோதியாத பெருமை 287ஐப் போன்றது. எவரேனும் ஏழால் வகுத்துப் பார்த்தால் உடைந்துவிடும். ஏட்டைத் திறந்து, கணக்கைச் சரிபார்த்து, உரியவர் பெயரை உரியவாறு உரைப்பதே அப்பேரறிஞர்களுக்கு நாம் செலுத்தும் கடன்.