வீடு திரும்பிய தூது

தூதுப் பிரபந்தத்துக்கு இலக்கணம் வகுத்தோர் அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு எனப் பத்தினைத் தூதுக்குரியனவாகக் கூறினர். அப்பத்திலே புறா இல்லை. ஆனால், உலக வரலாற்றில் மெய்யாகவே தூது சென்ற பறவை புறாதான். கவிஞரின் தூது ஏவிய இடத்துக்கெல்லாம் செல்லும். தபாற் புறாவோ ஒரேயொரு வழியைத்தான் அறியும். எங்கே கொண்டுபோய் விட்டாலும் தான் வளர்ந்த கூட்டை நாடியே அது பறக்கும்.

இந்த இயல்பை இரண்டாம் உலகப் போரிலே பிரித்தானியர் புதுமையான முறையிற் பயன்படுத்தினர். ஐரோப்பாவின் பெரும்பகுதி அப்போது யேர்மனியரின் பிடியில் இருந்தது. அங்கு நடப்பதை அறிய, ‘கொலம்பா’ என்னும் இரகசியப் பெயரில், 1941 ஏப்ரல் தொடக்கம் 1944 வரை 16,000 இற்கும் மேற்பட்ட புறாக்கள் விமானங்களிலிருந்து சிறு பரசூட்டுகள் மூலம் இறக்கப்பட்டன. ஒவ்வொரு புறாவும் ஒரு கூட்டினுள் அடைக்கப்பட்டிருந்தது. அதனுடன் சிறிது தீனி, மெல்லிய தாள், பென்சில், சில வினாக்கள்.

விடியற்காலையில் தன் தோட்டத்திலே அந்த அந்நியப் புறாவைக் கண்ட குடியானவன் என்ன செய்வான்? பஞ்ச காலம், அடித்துக் கறியாக்கலாம். யேர்மனியரிடம் ஒப்படைத்துத் தொல்லையிலிருந்து தப்பலாம். அல்லது ஒளித்துவைத்து, தான் கண்டதை எழுதி அனுப்பலாம். அகப்பட்டால் உயிர் போகும்.

1941 யூலையில் பெல்ஜியத்தின் லிக்டர்வெல்டே என்னும் ஊரில் அப்படியொரு புறா கண்டெடுக்கப்பட்டு, கடை நடத்திய ஒரு குடும்பத்திடம் வந்து சேர்ந்தது. அவர்கள் தமக்குத் தெரிந்த ஜோசப் ரஸ்கின் என்ற கத்தோலிக்கக் குருவானவரை அழைத்தனர். அவர் சீனாவிலே பணியாற்றி, அங்குள்ள எழுத்துக் கலையைப் பயின்றவர். பகைவரின் நிலைகளைத் தேடிக் குறித்து, தேசப்படங்களும் வரைந்து, ஆயிரக்கணக்கான சொற்களைப் பொடி எழுத்தில் அச்சிறு தாள்களுள் அவர் அடக்கினார். புறாவுடன் புகைப்படமும் எடுத்துக்கொண்டு அக்குடும்பத்தினர் அதைப் பறக்கவிட்டனர்.

அது இங்கிலாந்து போய்ச் சேர்ந்தது. தகவல் பிரதமர் சேர்ச்சிலின் பார்வைக்கும் சென்றது. புறா வந்துசேர்ந்த செய்தியை பி.பி.சி. வானொலி ஒரு சங்கேத வாக்கியத்தால் அறிவித்தது. ஆனால், குருவானவர் 1942 இல் கைதானார். 1943 இல் தோழர் இருவருடன் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

இறக்கப்பட்ட புறாக்களில் ஏறத்தாழப் பத்தில் ஒன்றே கூடு திரும்பியது. திரும்பியவை எல்லாம் செய்தி கொண்டு வரவுமில்லை.

அப்போரிலே சேவை புரிந்த 32 புறாக்களுக்கு டிக்கின் பதக்கம் வழங்கப்பட்டு, அவற்றின் பெயர்கள் பதிவாகியுள்ளன. அது தகும். எனினும், பறவை தன் இயல்பினால் வீடு திரும்பியது. பென்சிலைக் கையில் எடுத்தவனோ மரணத்தை அறிந்தே எடுத்தான். அவர்களுட் பலர் தாளிலே தம் பெயரை எழுதவில்லை. எழுதினால் ஆபத்து. அதனால், தூதுக்குப் பெயர் உண்டு. தூது விடுத்தவர் பலருக்கு இன்றும் பெயர் இல்லை.